டிக்கியில் ஒரு வெற்றிலைத் தட்டு

பஸ் ஓட்டிப் பிழைத்தவனுக்குச் சும்மா நிற்கத் தெரியாது. ஆள் ஏற வேண்டும், இல்லை இறங்க வேண்டும். இரண்டும் இல்லாமல் ஒரு வண்டி ரோட்டோரம் நின்றால் அதற்குப் பிரேக் டவுன் என்று பெயர். இராமநாதபுரத்துக்கும் சாயல்குடிக்கும் நடுவே அரசு பஸ் ஓட்டியே தலை நரைத்தவன் நான். எனக்குப் போய், ஒன்றுமில்லாத இடத்தில் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்க்கிற பழக்கத்தைத் தொற்ற வைத்தவர் ஓர் ஆஸ்திரேலியாக்காரர். பெயர் கெவின். என் மகளின் மாமனார், அதாவது என் சம்பந்தி.

மகள் வளர்மதி அங்கே படிக்கப் போனவள். படிப்புக்குப் பின் வேலை, வேலைக்குப் பின் கல்யாணம் என்று அங்கேயே ஊன்றிவிட்டாள். விக்டோரியா மாநிலத்தின் மேற்கே, கோதுமைக் காடும் செம்மறி ஆடுமாகக் கிடக்கிற ஒரு சின்ன ஊர். போன வருசம் நானும் என் வீட்டுக்காரி பாக்கியமும் அங்கே போயிருந்தபோது, கெவின் எங்களைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு மூன்று நாள் சுற்றிக் காட்டினார்.

சுற்றிக் காட்டினார் என்றால் கோயிலோ கோட்டையோ இல்லை. ஓரிடத்தில் பனைமர உயரத்துக்கு ஒரு கோலா கரடிப் பொம்மை. இறங்கினோம், பார்த்தோம், ஏறினோம். அடுத்து, கோதுமை கொட்டி வைக்கிற சிமெண்டுக் குதிர் ஒன்று, அதன் மேல் அந்த ஊர்க்காரர்கள் முகத்தைப் பெரிதாக வரைந்திருந்தார்கள். அதையும் இறங்கிப் பார்த்தோம். பிறகு ரோஸ் நிறத்தில் ஓர் உப்பு ஏரி. அதன் பிறகு ஒரு ரொட்டிக் கடை, ஆட்டுக்கறியை மாவுக்குள் வைத்து மூடிச் சுட்டுக் கொடுத்தார்கள். பாக்கியம் அதைப் பிரித்து, கைப்பையில் வைத்திருந்த இட்லிப் பொடியைத் தூவிச் சாப்பிட்டாள். கடைக்காரம்மா அந்தப் பொடி எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

"ஏத்தா, இங்கன என்ன இருக்குன்னு நிப்பாட்டுறாரு?" என்று மகளிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"ஒண்ணுமில்லய்யா. சும்மாதான்" என்றாள் ஒவ்வொரு தடவையும்.

ஆனால் ஒரு விசயத்தில் அந்த மனுசனை எனக்குப் பார்த்த உடனே பிடித்துப்போனது. அந்தக் காட்டு ரோட்டில் எதிரே எந்த வண்டி வந்தாலும், ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்குவார். எதிரே வருகிறவரும் தூக்குவார். இதை யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. நாங்களும் எதிரே வருகிற பஸ்ஸுக்குக் கையைத் தூக்கித்தானே இத்தனை காலம் ஓட்டினோம்.

எங்கள் பக்கத்தில் முறை என்று ஒன்று உண்டு. ஒருவர் நமக்குச் செய்ததை நாமும் நேரம் வரும்போது அவருக்குச் செய்தாக வேண்டும். கல்யாணம், காதுகுத்து, சாவு வீட்டுக் கேதம் எதுவானாலும் இதுதான் சட்டம். கெவின் இந்த மாசி மாதம் எங்கள் ஊருக்கு வருகிறார் என்றதும் நான் முடிவு செய்துவிட்டேன். மூன்று நாள் சுற்றிக் காட்டியவருக்கு மூன்று நாள். சும்மா நிறுத்திக் காட்டியவருக்குச் சும்மா நிறுத்திக் காட்டுவது. மச்சினன் காரை வாங்கி, கழுவித் துடைத்து வைத்தேன்.

அவர் வந்ததற்குக் காரணம் ஊர் பார்ப்பது அல்ல. வளர்மதி முழுகாமல் இருக்கிறாள், ஐந்து மாதம். அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றாள். மாப்பிள்ளைக்கு வேலையை விட்டு வர முடியவில்லை. வயிற்றுப் பிள்ளையோடு ஒத்தையில் அனுப்ப மாட்டேன் என்று, வெளிநாடே பார்க்காத கெவின் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு கூட வந்துவிட்டார்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் வழக்கம். பாக்கியம் பிள்ளைக்கு விரிக்க என்று ஊரில் பழைய வேட்டிகளை வாங்கித் துவைத்து மடித்து வைத்துவிட்டாள். வளர்மதிக்கும் இங்கேயே இருந்துவிட ஆசை. மாப்பிள்ளை, தன் அப்பா சரியென்றால் சரி என்று சொல்லிவிட்டார். இடிப்பது கெவின் விசயம்தான். அவர் மனைவி இறந்து இரண்டு வருசம் ஆகிறது. அந்தக் கோதுமைக் காட்டு வீட்டில் தனியாக இருக்கிறார். எட்டு வீடு தள்ளி இருக்கிற வளர்மதிதான் போய் ஆக்கிப்போடுகிறாள். பேரப்பிள்ளை வரப்போகிறது என்று தன் வீட்டுப் பின்னறைக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறாராம்.

அந்த வீட்டை நானும் பார்த்திருக்கிறேன். வாசல் கதவுப் பக்கம் அந்தம்மாவின் ரப்பர் பூட்ஸ் இன்னும் இருக்கிறது. வெளியே போய் வரும்போதெல்லாம் கெவின் தன் பூட்ஸை அதன் பக்கத்தில்தான் கழற்றி வைப்பார்.

ஆகவே கேட்க வேண்டும். பெண்ணைப் பெற்றவன் சம்பந்தியிடம் முறையாகக் கேட்க வேண்டும். வெறுங்கையோடு கேட்கக் கூடாது. தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், பூ வைத்து நீட்டிக் கேட்க வேண்டும். அவர் தட்டை வாங்கினால் சம்மதம். வாங்காமல் எழுந்துவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்தது.

"நீயே இங்கிலீசுல சொல்லிரு தாயி" என்று மகளிடம் கெஞ்சினேன்.

"நான் சொல்ல மாட்டேன்யா. என் முன்னால கேட்டா அவரால மாட்டேன்னு சொல்ல முடியாது. நான் இல்லாதப்பக் கேளுங்க. அவரா மனசு ஒப்பிச் சொன்னாத்தான் எனக்கு நிம்மதி" என்றாள்.

பேச்சு நியாயம்தான். ஆனால் பஸ் டிரைவரின் இங்கிலீஷ் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாதா? ஸ்டாப், ரைட், ஃபுல், டைம் இல்லை. இதை வைத்துக்கொண்டு ஒரு பிரசவத்தைப் பேசி முடிக்க முடியுமா?

முதல் நாள் எங்கள் ஊரான சிக்கலிலிருந்து கிளம்பி ஊர் எல்லை தாண்டவில்லை, கெவின் கையைக் காட்டினார். களத்தில் மிளகாய் காயப்போட்டிருந்தது. குண்டு குண்டாக முண்டு மிளகாய், களம் முழுக்கச் சிவப்பு. நான் ஆயுசுக்கும் கடந்துபோன இடம். முதன்முறையாக அங்கே பிரேக்கை மிதித்தேன்.

மிளகாயைக் கிளறிக்கொண்டிருந்தவர் பதறிப்போய் ஓடி வந்தார். "என்னண்ணே, ஆபீசரா?"

"இல்லப்பா. எங்க சம்பந்தி. சும்மா பாக்குறாரு."

"மொளகாயில சும்மா பாக்க என்ன இருக்கு?"

கெவின் குனிந்து ஒரு மிளகாயை எடுத்துக் குலுக்கி, காதருகே வைத்து விதைச் சத்தம் கேட்டார். பிறகு ஏதோ கேட்டார். "இந்த வருசம் மழை எப்படின்னு கேக்குறாரு" என்றாள் வளர்மதி.

மிளகாய்க்காரர் பதில் சொல்வதற்கு முன்னால் வானத்தைப் பார்த்தார். கெவினும் பார்த்தார். மழைக்கு வழியில்லாத வெறும் வெளிர் வானம். இரண்டு பேரும் ஒரே மாதிரி உதட்டைப் பிதுக்கினார்கள். அவர் ஊரும் வானம் பார்த்த பூமிதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கே போயிருந்தபோது கோதுமைப் பச்சையை மட்டும் பார்த்துவிட்டு, கொடுத்து வைத்த ஊர் என்று நினைத்துவிட்டேன்.

அடுத்த நிறுத்தம் ஆட்டுக் கிடை. அறுப்பு முடிந்த வயலில் எருவுக்காக ஆட்டைக் கூட்டமாக அடைத்து வைப்பதைத்தான் கிடை போடுவது என்போம். ஆட்டைப் பார்த்ததும் கெவின் வண்டி நிற்கும் முன்னே கதவைத் திறந்துவிட்டார். பஸ்ஸாக இருந்திருந்தால் இறங்கி நாலு வார்த்தை திட்டியிருப்பேன். மனுசர் நேரே மந்தைக்குள் நுழைந்து, ஓர் ஆட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தார். இன்னொன்றின் அடிவயிற்றைத் தடவினார்.

கிடைக்காரர் கோபப்படவில்லை. "ஆடு தெரிஞ்ச ஆளுதான்" என்றார். "அது சினை. ரெண்டு நாளுல கிடையை அடுத்த ஊருக்கு ஓட்டணும். இதை இங்கனயே தெரிஞ்ச வீட்டுல விட்டுட்டுப் போயிருவோம். நெறமாசத்துல நடக்க வைக்கப்படாதுல்ல."

வளர்மதி அதை இங்கிலீஷில் சொன்னாள். கெவின் தலையாட்டிக்கொண்டே அந்த ஆட்டின் முதுகில் கையை வைத்திருந்தார். கிளம்ப மனசில்லாமல் கடைசியில்தான் வந்து ஏறினார்.

வாலிநோக்கம் உப்பளத்தில் பாத்திகளில் நீர் ரோஸ் நிறத்தில் நின்றது. கெவின் விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, என் தோளில் தட்டிச் சிரித்தார். போன வருசம் அவர் ஏரியில் நான் செய்ததும் இதேதான். முறை ஒன்று கழிந்தது என்று எனக்குச் சந்தோஷம்.

சாயங்காலம் உத்தரகோசமங்கை. கோயில் வாசலில் பாக்கியம் வெற்றிலை பாக்கும் பழமும் கதம்பமும் வாங்கி, வீட்டிலிருந்து கொண்டுவந்த பித்தளைத் தட்டில் வைத்தாள். சாமி கும்பிட்டுவிட்டு மகளை இலந்தை மரம் காட்டக் கூட்டிக்கொண்டு போகும்போது, என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். கேளுங்க என்று அர்த்தம். கெவின் குளத்துப் படியில் உட்கார்ந்து செருப்பில்லாத காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தரைச் சூடு பழக்கமில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தொண்டையைச் செருமினேன்.

"சம்பந்தி" என்றேன்.

"யெஸ்" என்றார்.

"டீ?" என்றேன்.

டீ குடித்தோம். பாக்கியம் திரும்பி வந்து டம்ளர்களைப் பார்த்தாள். தட்டை டிக்கியில் வைத்து, வெற்றிலை வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் திட்டினால் எனக்குச் சமாளிக்கத் தெரியும்.

இரண்டாம் நாள் காரங்காட்டுக்குக் கிளம்பினோம். போகிற வழியில் எதிரே ஓர் அரசு பஸ். கெவின் இடது பக்க சீட்டில் இருந்தபடி டேஷ்போர்டு மேல் ஒரு விரலைத் தூக்கினார். பஸ் ஓட்டி வந்தது என்னோடு வேலை பார்த்த பையன். என்னைப் பார்த்துவிட்டு அவனும் கையைத் தூக்கினான். கெவினுக்கு முகமெல்லாம் பல். அதற்குப் பிறகு டிராக்டர், மீன் லாரி, தண்ணீர்க் குட வண்டி தள்ளிப் போகிற பெண்கள் எல்லோருக்கும் விரலைத் தூக்கினார். குடத்து வண்டிப் பெண் ஒருத்தி, யார் வீட்டு விருந்தாளியோ என்று பதிலுக்குச் சிரித்துவிட்டுப் போனாள்.

சும்மா நிற்கிற ஆசையில் ஒரு கண்மாய்க் கரையோரம் வண்டியை ஒதுக்கினேன். கருவேல முள் டயரில் ஏறிவிட்டது. எனக்கு மானம் போனது. ஆனால் கெவின் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினார். நான் ஜாக்கி போட, அவர் நட்டைக் கழற்ற, ஒரு பேச்சு இல்லாமல் வேலை நடந்தது. நான் கையை நீட்டினால் எனக்கு வேண்டிய ஸ்பேனர் கையில் இருந்தது. டிக்கியிலிருந்து நாங்கள் ஸ்டெப்னி எடுக்கும்போது பாக்கியம் தட்டைப் பத்திரமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்படியே வெற்றிலைக்கு ஒரு கை தண்ணீர் தெளித்தாள். கெவின் அதை உற்றுப் பார்த்தார்.

காரங்காட்டில் படகு ஏறினோம். இரண்டு பக்கமும் அலையாத்திக் காடு, வேரெல்லாம் சேற்றில் விரல் ஊன்றி நின்றது. பாக்கியம் என் கையை விடவில்லை. கரைக்கு வந்ததும் அந்த ஊர்ப் பெண்கள் நண்டு சூப் கொடுத்தார்கள். கெவின் மூக்கில் நீர் வடிய வடியக் குடித்து, இன்னொரு கிண்ணம் கேட்டார். வளர்மதிக்கு மட்டும் மிளகைக் குறைத்து, "புள்ளத்தாச்சி, சூடா குடி தாயி" என்று கூடுதலாக ஊற்றினார்கள். யார் வீட்டுப் பெண் என்று கேட்காமலே ஒருத்தி அவள் இடுப்புக்கு அண்டக்கொடுக்க ஒரு தலையணை கொண்டுவந்து வைத்தாள். வளர்மதி அதில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடினாள். எட்டு வீட்டுக்கு ஒரு மனுச முகம் பார்க்கிற ஊரில் இருப்பவள். இந்தப் பிள்ளையை எப்படித் திரும்பி அனுப்புவது?

அவள் கண் அயர்ந்திருந்த நேரம் பார்த்து, கெவினைத் தனியே கூட்டிப்போய், இருக்கிற இங்கிலீஷை எல்லாம் திரட்டினேன். "சம்பந்தி. பேபி. மை ஹவுஸ். ஓகே?"

அவர் நெஞ்சில் கை வைத்து, எங்கள் வீடு ரொம்ப நல்ல வீடு என்கிற மாதிரி ஏதோ சொன்னார். மாடியைக் கையால் வரைந்து காட்டிப் பாராட்டினார். நான் தேங்க்யூ சொல்லிவிட்டு வந்தேன்.

"கேட்டீகளா?" என்றாள் பாக்கியம்.

"வீடு நல்லா இருக்குன்னாரு."

"நாளை மறுநாள் பிளேன் ஏறப் போறாக. நீங்க வீட்டுக்குச் சர்டிபிகேட் வாங்கிட்டு இருக்கீக" என்றாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் தனுஷ்கோடிப் பயணம். மண்டபத்தில் அகதிகள் முகாமுக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடை கண்ணில் பட்டது. ஓலைக் கொட்டகை, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, பின்னால் கடல். கெவின் காட்டும் முன்னே நானே நிறுத்தினேன். வளர்மதி கால் வீங்கியிருக்கிறது என்று காரிலேயே காலை நீட்டிப் படுத்துவிட்டாள்.

கடை நடத்துகிற அம்மா பெயர் தவமணி. ஐம்பது வயதிருக்கும். இலங்கையிலிருந்து வந்து முகாமில் இருப்பவர். காலையில் கடை, மாலையில் முகாம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூசன். கெவினிடம் அவர் பேசிய இங்கிலீஷைக் கேட்டதும் பாக்கியம் என் விலாவில் இடித்த இடி இன்னும் வலிக்கிறது.

"ஆஸ்திரேலியாவோ? என்ட தம்பியும் அங்கதான். கண்டு கனகாலம்" என்றார் தவமணி, எங்களிடம்.

நான் அவரிடம் விசயத்தைச் சொன்னேன். மகள், மாதம், வழக்கம், இந்த மனுசனின் தனிமை, மஞ்சள் பெயிண்ட், என் இங்கிலீஷ். அவர் கேத்தலை இறக்கி வைத்துவிட்டு, கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"சொல்லுங்கோ அண்ணை. நான் அப்பிடியே சொல்லுறன்."

பாக்கியம் ஓடிப்போய் டிக்கியைத் திறந்து தட்டை எடுத்து வந்தாள். வெற்றிலை ஓரம் கறுத்திருந்தது. தட்டை இரண்டு பேரும் சேர்ந்து பிடித்துக்கொண்டு நின்றோம்.

"சம்பந்தி, இது தலைப்பிள்ளை. எங்க வழக்கப்படி தாய்வீட்டுல பொறக்கணும். பொண்ணை எங்ககிட்ட விட்டுட்டுப் போக நீங்க மனசு வைக்கணும்" என்றேன்.

நான் சொன்னது அவ்வளவுதான். தவமணி பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். நடுவில் கையைக் கடலுக்கு அந்தப் பக்கம் நீட்டினார். தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினார். கெவின் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னம்மா இவ்வளவு நேரம் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நீங்கள் சொன்னதைத்தான் சொன்னனான். என்ட கதையையும் கொஞ்சம் சேத்துப்போட்டன், குறை நினையாதேங்கோ. நான் வயித்தில பிள்ளையோட படகில வந்தனான். அம்மா அங்கால. பிள்ளை பிறந்த சேதி அவவுக்குப் போய்ச் சேரவே மாசமாப் போச்சு. பேரனைக் காணாமலே போயிட்டா" என்றார் தவமணி.

கெவின் தட்டைப் பார்த்தார். காரில் படுத்திருக்கிற வளர்மதியைப் பார்த்தார். பிறகு எழுந்தார். தட்டை வாங்கவில்லை. கொட்டகையைச் சுற்றிக்கொண்டு கடல் பக்கம் போய்விட்டார்.

எங்கள் கை அப்படியே நின்றது. தவமணி அவர் குடிக்காமல் விட்ட தேநீரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். பாக்கியம் தட்டை மெல்லத் தணித்து, நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. சத்தியமாக வரவில்லை. கதவோரத்து ரப்பர் பூட்ஸ்தான் ஞாபகம் வந்தது. அந்த வீட்டில் ஒரு குழந்தைச் சத்தம் கேட்க வேண்டும் என்று அவரும்தானே இருக்கிறார்.

ரொம்ப நேரம் கழித்து இருவரும் திரும்பி வந்தார்கள். கெவின் யாரையும் பார்க்காமல் போய்க் காரில் ஏறினார். தவமணி காசு வாங்க மறுத்துவிட்டு, "போயிட்டு வாங்கோ அண்ணை. திரும்பி வரேக்க இறங்குங்கோ" என்று சிரித்தார். ஆறுதலுக்குச் சிரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பாக்கியம் தட்டை டிக்கியில் வைத்தாள். இந்தத் தடவை தண்ணீர் தெளிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்த உடனே வளர்மதிக்குப் புரிந்துவிட்டது. அம்மா தோளில் சாய்ந்துகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

பாம்பன் பாலத்தில் நிற்காத வெளியூர்க்காரர் கிடையாது. கீழே நீலமும் பச்சையுமாகத் தண்ணீர், படகெல்லாம் வரிசையாக நிற்கும். நான் வேகத்தைக் குறைத்து அவரைப் பார்த்தேன். மிளகாய்க்கும் ஆட்டுக்கும் உப்புக்கும் நின்றவர் பாலத்துக்கு நிற்கவில்லை. நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எதிரே வந்த வண்டிகளுக்கு விரலும் தூக்கவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. இறந்துபோன மனைவியோடு பேசுகிறாராக்கும் என்று நினைத்து, நான் ஹாரன்கூட அடிக்காமல் ஓட்டினேன்.

இராமேஸ்வரத்தையும் தாண்டியாயிற்று. தனுஷ்கோடி ரோடு மணலுக்கு நடுவே நேராகப் போய்க்கொண்டிருந்தது. இடது பக்கம் அசையாத கடல், வலது பக்கம் அலையடிக்கிற கடல். பார்க்க வந்த நாலு பேரில் ஒருவரும் இரண்டையும் பார்க்கவில்லை.

"ஸ்டாப்" என்றார் கெவின்.

அங்கே ஒன்றுமே இல்லை. பொம்மை இல்லை, கடை இல்லை, ஒரு மரம் இல்லை. பழக்கதோஷத்தில் ஆள் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு ஓரங்கட்டினேன். அவர் இறங்கிப் பின்னால் போய் டிக்கியைத் தட்டினார். நானும் பாக்கியமும் இறங்கிப் போனோம். திறந்துவிட்டேன்.

உள்ளே இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திறந்து, உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, பாக்கியம் செய்வதுபோலவே அந்தக் கறுத்த வெற்றிலை மேல் தெளித்தார். நின்ற இடத்திலெல்லாம் அவள் தெளித்ததைப் பார்த்து, அதுவும் சடங்கில் சேர்த்தி என்று எண்ணிவிட்டார் போல. பிறகு தொப்பியைக் கழற்றி டிக்கியில் வைத்துவிட்டு, தட்டை இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எங்கள் முன்னால் வந்து நின்றார்.

கண்ணை ஒரு தடவை மூடித் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாக இறக்கி வைத்தார்.

"பிள்ளை... இஞ்சயே... இருக்கட்டும். நானும்... வரட்டோ?"

ஆஸ்திரேலியாக்காரர் வாயிலிருந்து அச்சாக யாழ்ப்பாணத் தமிழ். பாக்கியம் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் காரைப் பிடித்துக்கொண்டாள். வளர்மதி காரிலிருந்து இறங்கி ஓடி வந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தட்டு சாய்ந்து பழம் விழுந்தது. எங்களுக்கு எதிரே அவரைக் கவனமாக மாமா மாமா என்றே கூப்பிட்டு வந்தவள், "கெவின், கெவின்" என்று பேர் சொல்லி அழுதாள். மாமனாரைப் பேர் சொல்வதாவது என்று பாக்கியம் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு பேரும் இங்கிலீஷில் அழுதும் சிரித்தும் பேசினார்கள். வளர்மதி மூக்கை உறிஞ்சிக்கொண்டு எங்களுக்குச் சொன்னாள். "கேட்ட உடனே சரின்னு தோணிருச்சாம். இங்கிலீசுல சொன்னா உங்களுக்கு நேராச் சேராதுன்னு அந்த அம்மாகிட்டத் தமிழ்ல கேட்டுப் படிச்சிருக்காரு. மறந்துரக் கூடாதுன்னுதான் வழியெல்லாம் வாய்க்குள்ள சொல்லிக்கிட்டே வந்தாராம். பாலத்துல நின்னா மறந்துரும்னு பயந்து நிக்கலையாம்."

"நெசமாவா?" என்றாள் பாக்கியம்.

"அந்தக் கிடைக்காரர் சொன்னதுதான் அவுக ஊர்லயுமாம். சினை ஆட்டை லாரியில ஏத்த மாட்டாகளாம்."

"என் பிள்ளையை ஆடுங்கிறாரா?" என்றாள் பாக்கியம். அழுகைக்கு நடுவில் அவளுக்கு அந்தக் கோபமும் வந்தது. ஆனால் கீழே விழுந்த பழத்தை எடுத்துத் துடைத்து, தட்டில் அவர் கைப் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

கெவின் இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மனுசர் அனுமதி கொடுத்துவிட்டார், அவர் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. பேரப்பிள்ளை பிறக்கும்போது தானும் வந்து எங்கள் வீட்டில் இருக்கலாமா என்று கேட்டிருக்கிறார். பெண் கொடுத்த வீட்டில் சம்பந்தி வந்து மாதக்கணக்கில் தங்குவது எங்கள் ஊரில் நான் கேள்விப்படாதது. மாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது. அதற்கு மஞ்சள் பெயிண்ட் அடிக்க எத்தனை நேரம் ஆகும்?

உங்கள் வீடு மாதிரி நினைத்துக்கொண்டு வாருங்கள், பூட்ஸைக் கழற்றி என் செருப்புக்குப் பக்கத்தில் போடுங்கள் என்றெல்லாம் சொல்ல நினைத்தேன். தமிழிலும் வரவில்லை, இங்கிலீஷிலும் வரவில்லை. அவருக்குப் புரிகிற மாதிரி என்னிடம் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. வேலை பார்த்த காலமெல்லாம் பின்னால் இருந்து கண்டக்டர் சொல்ல, நான் கேட்டு வண்டியை எடுத்த சொல். என் வாயால் அதை நான் சொன்னதே இல்லை.

அவர் தோளில் கையைப் போட்டேன்.

"ரைட்" என்றேன்.

"ரைட்" என்றார் அவரும்.

பின்னால் வந்து நின்ற சுற்றுலா வேன்காரர் ஹாரன் அடித்தார். வண்டி என்ன பிரேக் டவுனா என்று தலையை நீட்டிக் கேட்டார். கெவின் தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, அவருக்கு ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்.

"இல்லண்ணே" என்றேன் நான். "சும்மா நிக்கிறோம்."